அவுட்டானவன் எங்கே போவான்?

புதுப்பட்டினம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கேமுக்கான மோடுப் பட்டியலைப் படித்தேன். டீம் டெத்மேட்ச், கேப்சர் தி ஃபிளாக், பாம் டிஃப்யூஸ், பேட்டில் ராயல், ஜாம்பி என்று மொத்தம் 11 மோடு. கடைசியில், "இன்னும் எதைச் சேர்க்கலாம் சார்?" என்று கேட்டிருக்கிறாய். அந்த "இன்னும்" இரண்டு நாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மோடு கூடினால் கேம் பெரிதாகிவிடும் என்று உன் வயதுக்காரர்கள் எல்லோரும் ஏன் நம்புகிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார். முதல் மாதம் உன் கேமை ஆடப்போவது உன் கல்லூரித் தோழர்களும் கல்பாக்கம் டவுன்ஷிப் பையன்களும்தான். ஒரு சாயங்காலத்தில் ஒரே நேரத்தில் 60 பேர் சேர்ந்தாலே பெரிது. அவர்களை 11 மோடுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஆறு பேர்கூட வரமாட்டார்கள். நாலுக்கு நாலு ஆட எட்டுப் பேர் வேண்டும். 60 பேரும் லாபியில் காத்திருந்துவிட்டு ஆடாமலே போவார்கள். ஆள் இல்லாததால் அல்ல, நீ அவர்களைச் சிதறடித்ததால்.

எந்த மோடை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அவுட்டானவன் எங்கே போவான்?

நீ சடுகுடு ஆடியவன். ஆனால் கபடி விதிகளில் மூன்று வழிகள் உண்டு என்பதை யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். சஞ்சீவினியில், எதிரணியில் ஒருவன் அவுட்டானால் நம் அணியிலிருந்து வெளியே போனவர்களில் ஒருவன் உள்ளே வருவான், அதுவும் போன வரிசைப்படியே. புரோ கபடியில் டிவியில் பார்ப்பது இதைத்தான். காமினியில் உயிர் திரும்பாது. அணி முழுவதும் விழும்வரை ஓரத்தில் உட்கார வேண்டியதுதான். அமரில் அவுட்டானவன் களத்தை விட்டே போவதில்லை. எதிரணிக்குப் புள்ளி ஏறும், அவன் தொடர்ந்து ஆடுவான்.

இப்போது உன் பட்டியலை மறுபடி பார். டீம் டெத்மேட்ச் என்பது அமர். 1993-இல் டூம் வந்தபோது ஜான் ரொமெரோ "டெத்மேட்ச்" என்று பெயர் வைத்தாரே, அதிலும் செத்தவன் உடனே எழுந்து ஓடிவருவான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் காமினி. செத்தவன் சும்மா உட்கார்ந்து பார்க்கிறான், அதனால்தான் ஒரு ரவுண்டு ஏறக்குறைய இரண்டு நிமிடத்தில் முடிகிறது. அந்த இரண்டு நிமிடம் அழகுக்கு வைத்த எண் இல்லை. காத்திருப்பவனின் பொறுமையை அளந்து வைத்தது. அந்த கேம் 1999-இல் பணயக்கைதிகளை மீட்கும் ஆட்டத்தோடு தொடங்கியது. பிறகு வெடிகுண்டு வந்தது, வி.ஐ.பி.யைக் காப்பாற்றும் ஆட்டமும் இருந்தது. இன்று பெரிய போட்டிகளில் ஆடுவது வெடிகுண்டு ஆட்டம் ஒன்றைத்தான்.

பேட்டில் ராயலும் காமினிதான், 100 பேர் ஆடும் காமினி. ஆனால் பப்ஜியில் செத்தவன் யாரும் ஓரத்தில் உட்காரவில்லை. உடனே லாபிக்குப் போய் அடுத்த மேட்சில் குதித்தான். அப்படிக் குதிக்க, இன்னொரு 100 பேர் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். உன்னிடம் இருக்கிறார்களா? பாட், அதாவது கணினியே ஆட்டும் ஆட்களைப் போட்டு நிரப்பலாம் என்பாய். 90 பாட்டைச் சுட்டு வென்றவன் மறுநாள் திரும்ப வரமாட்டான். அந்த மோடை இன்றே அடித்துவிடு.

வருகிறவன் எதை எதிர்பார்த்து வருகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்தியாவில் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். இரண்டே நாளில் ஃபௌஜி என்ற கேம் பற்றிய அறிவிப்பு வந்தது. நாடே அதைப் பப்ஜிக்கு மாற்றாக எண்ணிக்கொண்டது. 2021 ஜனவரி 26 அன்று அது வெளியானபோது உள்ளே இருந்தது கல்வான் பள்ளத்தாக்கில் தனியாக ஆடும் கதை மட்டும். டீம் டெத்மேட்ச் பிறகுதான் சேர்ந்தது. தனி ஆட்டத்தில் தவறேயில்லை, எனக்குப் பிடித்த பல கேம்கள் அப்படிப்பட்டவை. ஆனால் நாலு நண்பர்களோடு ஆடத் தயாராகி வந்தவனுக்குத் தனி ஆட்டத்தைக் கொடுத்தால் அவன் ஏமாந்துபோவான்.

நீ கோல்டன்ஐயைச் சொல்வாய் என்று தெரியும், எல்லா மாணவர்களும் சொல்கிறார்கள். 1997-இல் வந்த அந்த கேமில், திட்டத்திலேயே இல்லாத மல்டிபிளேயரைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்தார்கள், அதற்காகவே உலகம் அதை நினைவில் வைத்திருக்கிறது. சரி, ஆனால் முழுதாகப் படி! அதை ஆடிய நாலு பேரும் ஒரே வீட்டில், ஒரே டிவி முன்னால் இருந்தார்கள். ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கிகளும் ஏற்கெனவே செய்து வைத்தவை. பாதிக் கதையை எடுத்துக்கொண்டு வாதம் செய்யாதே.

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையை மேப்பாக வைத்திருக்கிறாயே, அது எனக்கு மிகவும் பிடித்தது. மோடும் அங்கேயே இருக்கிறது. கிழக்கே கடல், மற்றப் பக்கங்களில் தரை. இரு அணிக்கும் சமமான பாதி கிடைக்காது, ஆகவே கேப்சர் தி ஃபிளாக் பொருந்தாது. ஓர் அணி கோட்டையைக் காக்கட்டும், மற்ற அணி நுழையட்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். நாலுக்கு நாலு. உயிருக்குச் சஞ்சீவினி விதியை வை: எதிரி ஒருவன் விழுந்தால் நம்மில் முதலில் விழுந்தவன் எழுவான். அப்போது செத்தவன் போனைக் கீழே வைக்கமாட்டான். "அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கான், அடி!" என்று கத்துவான், ஏனென்றால் அவன் உயிர் தோழனின் குறியில் இருக்கிறது. அபெக்ஸ் லெஜண்ட்ஸில் செத்தவனின் பேனரை எடுத்துப்போய்த் தோழர்கள் அவனை மீட்கிறார்களே, அந்தச் சுகமும் இதுதான். கபடி ஆடுகிறவர்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

எட்டுப் பேர் சேராத நேரத்துக்கு, பாட்டோடு ஆடும் பயிற்சி ஒன்றை வை. ஆக இரண்டு. மற்றவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடிவை.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரோடு வீட்டுக்கு வா. நீ ஆட வேண்டாம். ஸ்டாப்வாட்சோடு, அவுட்டானவன் பக்கத்தில் உட்கார். எத்தனையாவது நொடியில் அவன் கண் திரையை விட்டு விலகுகிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு ரவுண்டின் நீளத்தைப் பேசுவோம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்