தடைக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: கிரிக்கெட் வாரியம் தனியார் அமைப்புதானே? அது ஒரு வீரருக்குத் தடை விதித்தால் கோர்ட் தலையிட முடியுமா?

பதில்: முடியும். வாரியம் அரசுத் துறை இல்லைதான்; ஆனால் அது பொதுப்பணி செய்வதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீசாந்த் அந்த வழியில்தான் போனார். 2013 ஐபிஎல் ஸ்பாட் ஃபிக்ஸிங் புகாரில் அவருக்கு ஆயுள் தடை. 2015-ல் டெல்லி நீதிமன்றம் குற்ற வழக்கிலிருந்து விடுவித்தும் வாரியம் இறங்கி வரவில்லை. சட்டப்படி அதில் பிழையில்லை. கிரிமினல் வழக்குக்கு வேண்டிய அளவு ஆதாரம் ஒழுங்கு விசாரணைக்குத் தேவையில்லை. கேரள உயர் நீதிமன்றத்தில் 2017 ஆகஸ்டில் தனி நீதிபதி தடையை நீக்கினார். அக்டோபரில் டிவிஷன் பெஞ்ச் அதை மீண்டும் கொண்டுவந்தது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், அவர் தவறு செய்தார் என்ற முடிவைத் தொடாமல், தண்டனையின் அளவை மட்டும் மறுபரிசீலனை செய்யச் சொன்னது. ஆயுள் தடை ஏழாண்டுத் தடையாகி, 2020 செப்டம்பரில் முடிந்தது.

அப்போது அவருக்கு வயது 37. வேகப்பந்து வீச்சாளருக்கு அந்த வயதில் என்ன மிச்சமிருக்கும்? அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விளையாட்டு வீரர்களின் தடை வழக்குகளைக் கோர்ட்டுகள் மாதக்கணக்கில் முடித்துத் தர வேண்டும், வருடக்கணக்கில் அல்ல.