காஃபீன்: காப்பிச் செடியா, தொழிற்சாலையா?

தேர்வுக் காலம் நெருங்கிவிட்டால் நம் விடுதிகளின் குப்பைத் தொட்டிகளே சாட்சி சொல்லும். ஆற்றல் பான டின்கள் நிரம்பி வழியும். கண்விழித்துப் படிக்க உதவும் அந்தப் பானத்தின் மூலப்பொருள் பட்டியலில் 'கஃபெய்னா' என்னும் மலாய்ச் சொல்லை நம்மில் பலர் பார்த்திருப்போம். காப்பியில் உள்ள அதே காஃபீன்தான் அது. (காப்பியைக் 'குளம்பி' என்றே எழுத வேண்டும் எனும் நண்பர்கள் பொறுத்தருள்க. உணவகத்தில் கேட்டால் கிடைக்கும் சொல்லையே பயன்படுத்துகிறேன்.) ஆனால் அந்த டின்னில் காப்பி ஒரு துளியும் இல்லையே! பிறகு காஃபீன் மட்டும் எங்கிருந்து வந்தது?

காஃபீனைக் காப்பிக் கொட்டையிலிருந்து முதலில் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்க. ஆண்டு 1819. அவருக்குக் காப்பிக் கொட்டைகளைக் கொடுத்து ஆராயத் தூண்டியவர் கவிஞர் கோத்தே என்பது இலக்கிய மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. காஃபீன் வெண்மையான, மணமற்ற, கசப்பான தூள். வேதியியல் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் தேயிலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பழகுவதுண்டு. தேயிலையைக் கொதிக்க வைத்து, ஆறிய நீரை டைகுளோரோமீத்தேனுடன் சேர்த்துக் குலுக்கினால் காஃபீன் அக்கரைப்பானுக்குள் இறங்கிவிடும். அரைநாள் உழைத்த பின் குடுவையின் அடியில் ஒட்டியிருப்பது ஒரு சிட்டிகைத் தூள்தான்.

இதையே பெரிய அளவில் செய்ய வழி காட்டியது, காஃபீனே வேண்டாம் என்றவர்களுக்காகத் தொடங்கிய தொழில். ஜெர்மனியின் பிரேமன் நகர வணிகர் லுட்விக் ரோசீலியஸ், 1906இல் காஃபீன் நீக்கிய காப்பியை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். வறுக்காத பச்சைக் கொட்டையை நீராவியில் ஊறவைத்து, பென்சீன் கொண்டு காஃபீனைக் கரைத்தெடுத்தார்கள். பென்சீன் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்பதால் அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. இன்று வேறு கரைப்பான்களும் நீரும் பயன்படுகின்றன. கரியமில வாயுவை 31 பாகை செல்சியசுக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்கிற்கும் மேல் அழுத்தினால் அது வாயுவும் அல்லாத, திரவமும் அல்லாத ஒரு நிலையை அடையும். அந்நிலையில் அதுவும் காஃபீனைக் கரைத்தெடுக்கும்.

இவ்வாறு எடுத்த காஃபீனை யாரும் சாக்கடையில் கொட்டுவதில்லை. தூய்மைப்படுத்தி, குளிர்பான நிறுவனங்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் விற்கிறார்கள். ரோபஸ்டா வகைக் கொட்டையில் ஏறக்குறைய 2 விழுக்காடு காஃபீன் உண்டு. அதாவது ஒரு கிலோவில் 20 கிராம். 80 மில்லிகிராம் சேர்க்கும் டின் என்றால் 250 டின்களுக்குப் போதும். தூக்கம் கெடக்கூடாது என்று ஒருவர் ஒதுக்கிய பொருள், இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுக்க டின்னில் ஏறுகிறது! தேயிலைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் தூசியிலிருந்தும் நாரிலிருந்தும் காஃபீன் எடுக்கும் தொழில் இந்தியாவில் உண்டு.

எனினும், இவையெல்லாம் உலகக் குளிர்பானச் சந்தையின் பசிக்குப் போதவில்லை. வேதியியல் இங்கேதான் கைகொடுத்தது. காஃபீனை 1895இல் செயற்கையாக உருவாக்கியவர் எமில் ஃபிஷர். 1902ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றவர் இவர். இன்றைய தொழிற்சாலை முறைகளுக்கு ஒரு தொடக்கப் பொருள் யூரியா. ஆம், தோட்டத்தில் செம்பனைக்குப் போடும் உரமாகிய அதே யூரியாதான். அதிலிருந்து படிப்படியாக தியோஃபிலின் என்னும் பொருளைச் செய்து, அதனோடு ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தால் காஃபீன். பானங்களில் சேரும் காஃபீனில் பெரும்பங்கு இவ்வாறு பிறந்ததே. சீனாவின் சிஜியாசுவாங் நகரம் இதற்குப் பேர்போனது.

உரம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். செடி செய்தாலும் ஆலை செய்தாலும் காஃபீன் மூலக்கூறில் 8 கார்பன், 10 ஹைட்ரஜன், 4 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள்தாம், அமைப்பும் ஒன்றே. நம் உடலால் வேறுபாடு காண முடியாது. ஆய்வுக்கருவியால் முடியும். செயற்கைக் காஃபீனில் கார்பன்-13 சற்றுக் குறைவு. இதை அளந்து, 'இயற்கை' எனப் பெயரிட்ட பானங்கள் சிலவற்றில் இருந்தது ஆலைக் காஃபீனே என ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. விலை கொடுத்து வாங்கியவருக்கு அது ஏமாற்றுத்தான். உடலுக்கு அதனால் கூடுதல் கேடு இல்லை.

என்னைக் கேட்டால், பிறப்பிடத்தைவிட அளவே முக்கியம். நலமான பெரியவர் ஒருவர் ஒரு நாளில் 400 மில்லிகிராம் வரை, ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை அருந்தலாம் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் கூறியது. டின்னை வாங்கும்போது அந்த எண்ணைத் தேடுங்கள். பட்டியலில் 'குவாரானா' என்று தனியே இருந்தால், அதுவும் காஃபீன் நிறைந்த அமேசான் காட்டு விதையே, கணக்கில் சேருங்கள். இரவில் 80 மில்லிகிராம் டின் இரண்டு என்றால் 160. காலையில் உணவகத்தில் ஒரு கெட்டியான கோப்பி-ஓ. அதில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தக் கோப்பையிலும் அச்சிட்டிருக்காது.