100 மெகாபிட் எங்கே போயிற்று?

வீட்டு இணைய இணைப்பு மந்தமாக இருக்கும்போது நம்மில் பலர் எடுக்கும் முதல் முடிவு, கூடுதல் கட்டணம் செலுத்தி அடுத்த திட்டத்துக்கு மாறிவிடுவது. அந்தக் கூடுதல் தொகையும் அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் மாதந்தோறும் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருக்கும். மடிக்கணினியிலோ வேகம் பழையபடியே நிற்கும். வெளியிலிருந்து வீட்டின் ரூட்டர் வரை வந்து சேரும் வேகம் வேறு, ரூட்டரிலிருந்து மடிக்கணினிக்குக் கிடைக்கும் வேகம் வேறு என்பதே இதற்குக் காரணம். குறை எந்தப் பகுதியில் உள்ளது என்று தெரியாமல் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணே. அதைக் கண்டறிய அரைமணி நேரமும் ஒரு லேன் கேபிளும் போதும்.

முதலில் அலகைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். திட்டத்தின் வேகம் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று குறிப்பிடப்படுகிறது. கோப்பு ஒன்றைத் தரவிறக்கும்போது உலாவி காட்டும் எண்ணோ பெரும்பாலும் மெகாபைட் கணக்கில் இருக்கும். 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 மெகாபிட் திட்டத்தில் உலாவி 11 அல்லது 12 என்று காட்டினால் குறை ஏதுமில்லை. முழு வேகமும் வந்துகொண்டிருக்கிறது. விளம்பரத்தில் வேகத்தை அடுத்து வரும் 'வரை' என்ற சிறிய சொல்லையும் கவனிக்க வேண்டும். 2023-இல் மாற்றியமைக்கப்பட்ட வரையறையின்படி, நம் நாட்டில் ஓர் இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2 மெகாபிட் மட்டுமே. ஆகவே அந்தப் பெயர் தன்னளவில் பெரிய உறுதி எதையும் தந்துவிடவில்லை.

அலகைச் சரிபார்த்த பின்னும் வேகம் குறைவாகவே தோன்றினால், வைஃபையை அணைத்துவிட்டு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் நேரடியாக ரூட்டருடன் இணைக்க வேண்டும். வீட்டிலுள்ள தொலைக்காட்சி, கைப்பேசிகள் ஆகியவற்றின் இணைப்பைச் சற்று நேரம் துண்டித்துவிட்டு, வேகத்தை அளக்கும் இணையதளம் ஒன்றில் மூன்று முறை அளந்து குறித்துக்கொள்ளவும். காலையில் ஒரு முறையும் இரவு 9 மணியளவில் ஒரு முறையும் அளப்பது நல்லது. காலையில் சரியாக இருந்து இரவில் மட்டும் வேகம் சரிந்தால், பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் நிறுவனத்தின் பக்கம் நெரிசல் ஏற்படுகிறது என்று கருத இடமுண்டு. மாதக் கடைசியில் மட்டும் சரிந்தால், திட்டத்தின் தரவு வரம்பு முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 'வரம்பில்லா' திட்டங்கள் பலவற்றிலும் 3,300 ஜி.பி. போன்ற ஒரு வரம்பு உண்டு. அதைக் கடந்தபின் வேகம் பெரிதும் குறைக்கப்படும்.

கேபிளில் அளக்கும்போது ஓர் எண்ணைச் சிறப்பாகக் கவனிக்கவும். 200 அல்லது 300 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் 94-க்கு அருகில் வந்து நின்றுவிடுமானால், இணைப்பில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. பழைய ரூட்டர்கள் சிலவற்றிலும் மலிவான மடிக்கணினிகள் சிலவற்றிலும் உள்ள லேன் துளை 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. அதில் கையில் கிடைப்பது ஏறத்தாழ 94. கேபிளும் காரணமாகலாம். லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் உள்ளன. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். 1,000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கதவிடுக்கில் நசுங்கி மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இணைப்பு பெரும்பாலும் நிற்காது. ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, 'லிங்க் ஸ்பீடு' என்ற வரியில் 100/100 என்று இருக்கிறதா, 1000/1000 என்று இருக்கிறதா என்று பார்த்தாலே இது புலப்படும். இத்தகைய வீட்டில் 500 மெகாபிட் திட்டம் வாங்கினாலும் கேபிளில் 94-தான் கிடைக்கும். தேவையானது ஒரு புதிய கேபிளாக மட்டுமே இருக்கக்கூடும்.

கேபிளில் முழு வேகமும் கிடைத்து, வைஃபையில் மட்டும் குறைந்தால், நிறுவனத்தைக் குறை கூறுவதற்கில்லை. வைஃபை பொதுவாக 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகிறது. முதலாவது தொலைவு செல்லும், ஆனால் வேகம் குறைவு. அடுக்ககங்களில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அனைத்தும் அங்கேயே மோதிக்கொள்ளும். ஒன்றுடனொன்று கலவாத தடங்கள் அதில் 1, 6, 11 என மூன்றே. மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத் கருவிகளும் அதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. இரண்டாவது வேகமானது; ஆனால் செங்கல் சுவரையும் கான்கிரீட் தூணையும் கடக்கும்போது விரைவில் வலுவிழக்கும். ரூட்டர் இருக்கும் அறையிலேயே வேலை செய்பவர் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. பழைய மடிக்கணினிகள் சிலவற்றால் அந்த அலைவரிசையைப் பெறவே இயலாது. அவற்றில் 'லிங்க் ஸ்பீடு' 72 என்று காட்டும், உண்மையில் கிடைப்பது அதில் பாதியளவாகவே இருக்கும். இதற்குச் சில நூறு ரூபாய் முதல் கிடைக்கும் இரட்டை அலைவரிசை யு.எஸ்.பி. வைஃபை கருவி ஒன்று தீர்வாகும்.

ரூட்டரை வைக்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். இணைப்பு தர வந்தவர் கம்பி உள்ளே நுழைந்த மூலையிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுச் செல்வார். நாமும் பார்வைக்கு நன்றாயில்லை என்று அதைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இரும்பு பீரோவின் மேலோ மறைத்து வைப்போம். உலோகம் அலைகளைத் தடுக்கும். வீட்டின் நடுப்பகுதியில், திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மாற்றினாலே வேறுபாடு தெரியும்.

ரூட்டருக்கு அருகில் அதே இடத்தில் கைப்பேசியில் நல்ல வேகமும் மடிக்கணினியில் குறைந்த வேகமும் இருந்தால், கணினிக்குள் தேட வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், எந்த மென்பொருள் இணையத்தை உறிஞ்சுகிறது என்பது தெரியும். விண்டோஸ் புதுப்பிப்பும் படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றும் செயலிகளுமே பெரும்பாலும் அங்கே தலைகாட்டும். அலுவலகத்தின் வி.பி.என். இயங்கிக்கொண்டிருந்தால், நம் தரவு அனைத்தும் அலுவலகச் சேவையகத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அதை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க வைஃபையின் திறனைக் குறைத்துக்கொள்ளும் கணினிகளும் உண்டு.

வங்கிச் சேவையைப் பொறுத்து ஒரு செய்தி. இணையவங்கிப் பக்கத்துக்கு மிகக் குறைந்த வேகமே போதும். உயர்தரக் காணொளிக்கே 5 மெகாபிட் அளவுதான் தேவை. ஆகவே பணம் அனுப்பும்போது பக்கம் பாதியில் உறைந்துவிடுகிறது என்பதற்காக 300 மெகாபிட் திட்டத்துக்கு மாறுவதில் பொருளில்லை. அங்கே சிக்கல் பெரும்பாலும் விட்டுவிட்டு அறுபடும் வைஃபையே. அவ்வாறு உறைந்தால் உடனே மீண்டும் பணம் அனுப்பாமல், முதலில் கணக்கு அறிக்கையைப் பார்க்கவும். முதல் கட்டளை ஏற்கெனவே நிறைவேறியிருக்கலாம். ஐ.எம்.பி.எஸ். முறையில் அனுப்பிய தொகை நம் கணக்கில் கழிந்து, பெறுபவருக்குச் சேரவில்லையெனில், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி மறுநாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

கேபிளிலேயே வேகம் குறைவு என்று உறுதியானால் நிறுவனத்திடம் முறையிடலாம். ஆனால் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேட வேண்டாம். போலி எண்களைப் பரப்பிவைத்து, 'வேகத்தைச் சரிசெய்கிறோம்' என்று கூறித் திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் செய்து, கணக்கைத் துடைத்துவிடும் கும்பல்கள் உள்ளன. எனிடெஸ்க் செயலி இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்படுவதை ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்தது. எண்ணை மாதப் பட்டியலிலிருந்தோ நிறுவனத்தின் சொந்தச் செயலியிலிருந்தோ எடுக்கவும். எவரேனும் ஏமாந்துவிட்டால், ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

முறையிடும்போது குறித்துவைத்த அளவீடுகளை நாள், நேரத்துடன் தெரிவித்து, முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெறவும். 'டிராய்' எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் முறையீடுகளை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் மேல்முறையீட்டு அமைப்பு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்று விதித்துள்ளது. முதல் முறையீட்டில் தீர்வு கிடைக்காதவர்கள் 30 நாள்களுக்குள் அங்கே செல்லலாம். 39 நாள்களுக்குள் முடிவு தெரிவிக்கப்பட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.