உறங்கும் பூனையும் ஒளிந்திருக்கும் விடையும்



ஒரு பொருளின் பெயரை மறைத்து, அதன் இயல்பை மட்டும் கூறி, 'அஃது என்ன?' என்று வினவும் சொல் விளையாட்டே விடுகதை. விடுகதை புனைய விரும்புகிறவர் முதலில் அப்பொருளைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மரத்தில் உருவம் செதுக்கும் சிற்பிக்கும் இதுவே முதற்பாடம். நாம் நாள்தோறும் காணும் பூனையைக் கொண்டே இவ்விரு கலைகளையும் இங்கு அறிவோம்.

கீழ்வரும் மூன்று விடுகதைகளுக்கும் விடை கூற முயலுங்கள்.

1. பகலிலே கோடு, இரவிலே வட்டம், வரைந்தவர் எவருமில்லை. அஃது என்ன?

2. பதினெட்டு வாள் உண்டு. உறைக்குள் ஒளித்து ஓசையின்றி உலா வருவான். அவன் யார்?

3. பால் வைத்தாலும் குடியாது, எலி வந்தாலும் எழாது, விரட்டினாலும் ஓடாது. அஃது என்ன?

முதலாவதன் விடை பூனையின் கண்மணி. வெளிச்சம் மிகுந்தால் அது செங்குத்தான கோடுபோல் சுருங்கும். இருளில் அகன்று வட்டமாகும். இரண்டாவதன் விடை பூனை. முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு, ஆக 18 நகங்கள் அதற்கு உண்டு. நடக்கும்போது அவற்றை உள்ளிழுத்துக்கொள்வதால் அவை தரையில் உரசி ஓசை எழுப்புவதில்லை. மூன்றாவதன் விடை மரத்தில் செதுக்கிய பூனை.

அத்தகைய மரப் பூனைகளுள் பெரும்புகழ் பெற்றது ஜப்பான் நாட்டில் உள்ளது. தோக்கியோ நகருக்கு வடக்கே, நிக்கோ என்னும் ஊரில் தோஷோகு என்ற வழிபாட்டிடம் இருக்கிறது. நெடுங்காலம் உள்நாட்டுப் போர்களால் அலைக்கழிந்த ஜப்பானை ஓராட்சியின் கீழ்க் கொணர்ந்த தோகுகவா இயெயாசுவின் நினைவாக 1617ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது. அவருடைய பேரன் இயெமித்சு 1636இல் அதனை மிகச் சிறப்பாகப் புதுப்பித்தார். இயெயாசுவின் கல்லறைக்குச் செல்லும் வழியின் வாயிலுக்கு மேலே, மலர்களுக்கு நடுவில் ஒரு சிறிய பூனை கண்மூடிப் படுத்திருக்கிறது. ஜப்பானியர் அதனை 'நெமுரி நெக்கோ', அதாவது உறங்கும் பூனை, என்பர். ஹிதாரி ஜிங்கோரோ என்ற சிற்பி அதனைச் செதுக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

இச்சிற்பமும் ஒரு விடுகதையே. பூனை உண்மையாகவே உறங்குகிறதா? முன்கால்களை அது ஊன்றியிருக்கும் பாங்கைக் கண்ட சிலர், 'இஃது உறக்கமன்று. பாய்வதற்குக் காத்திருக்கிறது' என்பர். விடையைக் காண வாயிலைக் கடந்து பின்புறம் திரும்பிப் பார்த்தல் வேண்டும். அங்கே மூங்கிற் புதரிடையே சிட்டுக்குருவிகள் செதுக்கப்பட்டுள்ளன. பூனைக்கு இத்துணை அருகில் இருந்தும் அவை அஞ்சவில்லை, களித்து விளையாடுகின்றன. போர் ஓய்ந்து நாட்டில் அமைதி நிலவுவதை இது காட்டுகிறது எனப் பலர் பொருள் கூறுவர். இயெயாசுவின் மரபினர் ஆட்சியில், 1868 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானில் பெரும்பாலும் அமைதி நிலவியது.

பூனை கண்மூடியிருப்பதை மட்டும் கொண்டு அமைதி நிலவுகிறது என்று கூறிவிட முடியாது. குருவிகளைக் கேட்டால்தான் உண்மை விளங்கும். வலியவர் சும்மா இருப்பது மட்டும் அமைதியன்று. எளியவர் அச்சமின்றி இருப்பதே அமைதி. நம் பள்ளிக்கும் இஃது பொருந்தும். திடலில் ஆறாம் ஆண்டு மாணவர் 'நாங்கள் யாரையும் ஒன்றும் செய்யவில்லை' என்று கூறுவது போதாது. முதலாம் ஆண்டுப் பிள்ளை பந்தைக் கேட்கத் தயங்காமல் அவர்களிடம் வர வேண்டும். அப்பொழுதே நம் பள்ளி அமைதியான பள்ளியாகும்.

ஆதலால், எதனையும் முன்புறம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பின்புறமும் சென்று பாருங்கள். விடுகதையும் சிற்பமும் நமக்குக் கற்பிப்பது இதுவே.

பயிற்சி:

1. ஒரு பூனையைப் பத்து நிமிடம் உற்று நோக்கி, நீங்கள் கண்ட ஐந்து செய்திகளை எழுதுக.

2. அவற்றுள் ஒன்றைக் கொண்டு சொந்தமாக ஒரு விடுகதை புனைக. பூனை என்னும் சொல் அதில் வருதல் கூடாது.