முதலும் வட்டியும் அயல்நாட்டு வாழ்வும்

‘குந்தித் தின்றால் குன்றும் கரையும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. குன்றைத் தொடாது, அதினின்று வீழும் அருவி நீரை மட்டும் உண்டு வாழ்வார்க்கும் இப்பழமொழி பொருந்துமோ என்னும் வினா அண்மையில் எம் விடுதி உணவறையில் எழுந்தது. நண்பரொருவர், “முப்பது ஆண்டு உழைத்துப் பொருள் சேர்ப்பேன், பின்னர்ச் செலவு குறைந்த அயல்நாடொன்றிற் சென்று வட்டியைக் கொண்டே வாழ்வேன், முதலைத் தொடேன்” என்றார். அங்ஙனம் வாழ்ந்தோர் வரலாற்றை ஆராய்ந்து யாம் கண்டவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

1815-இல் நெப்போலியப் போர்கள் முடிந்தபின், ஆங்கிலேயர் பலர் பிரெஞ்சு, இத்தாலிய நகரங்களிற் குடியேறினர். ஆங்கு வீட்டு வாடகையும் உணவும் வேலையாள் கூலியும் மலிவு. அவருட் பலர் நம்பியிருந்தது ‘கன்சால்’ என்னும் பிரிட்டிஷ் அரசாங்கக் கடன் பத்திரம். 1751-இல் அரசாங்கம் தன் கடன்கள் பலவற்றை ஒன்றுசேர்த்து, நூற்றுக்கு 3 வட்டி வகுத்து அதனை அமைத்தது. 10,000 பவுனுக்குப் பத்திரம் உடையார் ஆண்டுக்கு 300 பவுன் பெற்றனர். பவுனும் பிராங்கும் பொன்னால் அளவிடப்பட்டமையின், ஒரு பவுனுக்கு ஏறக்குறைய 25 பிராங்கு என்னும் விகிதம் 1914 வரை பெரிதும் மாறாதிருந்தது.

கவிஞர் ராபர்ட் பிரௌனிங்கும் அவர்தம் மனைவியார் எலிசபெத்தும் 1847 முதல் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்ததும் இவ்வாறே. அம்மையாருக்கு உறவினர் வழிவந்த பொருளின் வருவாயே அவர்தம் இல்லறத்தைப் பெரிதும் தாங்கிற்று. ஜான் கென்யன் என்னும் உறவினர் ஆண்டுதோறும் 100 பவுன் உதவினார். 1856-இல் அவர் இறந்தபோது இருவர்க்குமாக 11,000 பவுன் விட்டுச்சென்றார்.

நிற்க. இவ்வாழ்வின் இடர்கள் யாவை? முதலாவது, வட்டி குறைதல். 1888-இல் நிதியமைச்சர் கோஷன் கன்சால் வட்டியை 2¾ ஆக்கி, 1903 முதல் 2½ ஆகுமாறு விதித்தார். முதலில் ஒரு பவுனும் குறையாதிருக்க, 300 பவுன் 250 ஆயிற்று.

இரண்டாவது, கடன் கொண்டவர் கைவிரித்தல். பிரெஞ்சுக் குடிமக்கள் பலர் தம் சேமிப்பை ருஷ்யப் பத்திரங்களில் இட்டிருந்தனர். 1918-இல் புதிய ருஷ்ய அரசாங்கம் அக்கடனை ஏலாது மறுத்தது.

மூன்றாவது, நாணயத்தின் மதிப்பு வீழ்தல். 1914-இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க்கு, 1923 நவம்பரில் 4,20,000 கோடி மார்க்கு! ஜெர்மானியர் சேமிப்பு எண்ணளவில் அவ்வாறே நின்றது. ஆனால் அதனால் ஒரு ரொட்டியும் வாங்க இயலவில்லை.

நான்காவது, அயல்நாட்டு வாசிக்கே உரிய இடர்: மாற்று விகிதம். 1928-இல் பிராங்கின் பொன்மதிப்பு பழைய அளவில் ஐந்தில் ஒரு பங்காக வரையறுக்கப்பட்டது. ஒரு பவுனுக்கு 124 பிராங்கு ஆயிற்று. பிராங்கு வட்டியைக் கொண்டு இலண்டனில் வாழ்ந்தவர்க்கு இஃது இழப்பு. பவுன் வட்டியைக் கொண்டு பிரான்சில் வாழ்ந்தவர்க்கோ, ஆங்கு விலைவாசி ஏறும் வரை ஊதியம். ஈட்டும் நாணயம் ஒன்றும் செலவிடும் நாணயம் வேறொன்றுமாயின், வாழ்வு துலாக்கோலின் இரு தட்டிடையே ஆடுவதாம்.

இவற்றினின்று பெறப்படும் கணக்கு எளிது. நூறு ரூபாய்க்கு ஆறு ரூபாய் வட்டி. அவ்வாண்டில் விலைவாசி நூற்றுக்கு ஐந்து ஏறிற்று என்க. சென்ற ஆண்டு நூறு ரூபாய்க்குப் பெற்ற பொருளைப் பெற இப்போது 105 வேண்டும். ஆகவே ஐந்து ரூபாயை முதலோடு சேர்த்தல் வேண்டும். உண்ணத்தக்கது ஒரு ரூபாயே. ஆறினையும் உண்பவர் குன்றைத் தொடவில்லையென எண்ணிக்கொண்டே குன்றைத் தின்கின்றார். பழமொழி ஈண்டும் பொய்க்கவில்லை.

மற்றொன்று. வட்டி வானினின்று பொழிவதன்று. கன்சால் வட்டி மக்கள் செலுத்திய வரியினின்றே வந்தது. அதனாலன்றோ வில்லியம் காபெட் என்னும் எழுத்தாளர், பத்திரமுடையாரை வரியுண்போர் எனக் கடிந்தார்! பிறர் உழைப்பின் பயனை உண்பார், கைம்மாறாக யாது செய்தார் என்பதே எம் வினா. எலிசபெத் அம்மையார் அவ்வோய்வினை வீணாக்கினாரல்லர். ‘அரோரா லே’ என்னும் பெருங்கவிதையை 1856-இல் வெளியிட்டார்.

நண்பர்க்கு யாம் கூறும் விடை இதுவே: சேமிக்க, வட்டியின் ஒரு பகுதியை முதலுக்கே ஈக, முழுப் பொருளையும் ஒரு கடனாளியிடத்தும் ஒரு நாணயத்திலும் வையற்க. எந்நாட்டில் வாழினும், ஓய்வு பெறுவது உத்தியோகத்தினின்றேயன்றி உழைப்பினின்று அன்று என்பதை மறவற்க.