நிரல் எழுதும் உரையாடு பொறிகள்: பயனும் பொறுப்பும்

கணிப்பொறி ஆற்றவேண்டிய பணியைப் படிப்படியாகக் கூறும் கட்டளைத் தொகுப்பே நிரல் எனப்படும். நிரல் எழுதும் உழைப்பைக் குறைக்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டது. அதன் பயனாய், எந்திரக் குறியீடுகளில் எழுதப்பட்டுவந்த கட்டளைகளைக் கணித வாய்பாடுகளைப் போன்று எழுத வழி பிறந்தது. இவ்வரிசையில் அண்மையில் சேர்ந்தவையே சாட்பாட் என வழங்கும் உரையாடு பொறிகள். 2021இல் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வெளிவந்தது. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குக் கிடைத்தது. இன்று நிரல்மொழி அறியாத ஒருவரும் தம் தேவையைச் சொற்களில் கூறி நிரலைப் பெறலாம். இவ்வசதியை அரசு அலுவலரும் மாணவரும் எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இங்குக் காண்போம்.

செயற்படும் முறை

ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளை எந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருள், வரையறுத்த இலக்கணத்தின்படி இயங்குவது. எழுதியதன் பொருள் ஒன்றே. அதில் ஐயத்திற்கு இடமில்லை. உரையாடு பொறியோ இவ்வாறு இயங்குவதில்லை. ஏராளமான உரைகளையும் நிரல்களையும் கொண்டு பயிற்றப்பட்ட அது, முன்னுள்ள சொற்களைத் தொடர்ந்து எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து விடையை அமைக்கிறது. எனவே, ஒரே வினாவுக்கு இருவேறு விடைகள் வரலாம். வழக்கமான பணிகளுக்கு அது தரும் நிரல் பெரும்பாலும் செம்மையாகவே அமைகிறது. ஆனால் நம் அலுவலகத்துக்கே உரிய விதியை அது தானாக அறிந்திருக்கும் என்று கொள்ளலாகாது. விடுபட்டதைக் கேட்டறியாமல், பொதுவழக்கைக் கொண்டு நிரப்பிவிடுவதும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

மத்திய அரசு ஓய்வூதியர் 80 வயது நிறைவுற்றால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகப் பெறுகின்றனர். இது 85 வயதில் 30, 90இல் 40, 95இல் 50, 100இல் 100 விழுக்காடாக உயர்கிறது. அவ்வயது நிறைவுறும் மாதத்தின் முதல் நாளிலிருந்தே இத்தொகை உரியது.

1946 ஆகஸ்டு 20ஆம் நாள் பிறந்து, ரூ. 30,000 அடிப்படை ஓய்வூதியம் பெறும் ஒருவரைக் கொள்வோம். அவருக்கு 2026 ஆகஸ்டு 1 முதல் மாதம் ரூ. 6,000 கூடுதலாகச் சேரவேண்டும். அகவிலை நிவாரணம் இதற்குப் புறம்பானது.

பிறந்த நாள் முதல் கழிந்த நாள்களை 365ஆல் வகுத்து வயதைக் காணுமாறு நிரல் அமைந்திருப்பதாகக் கருதுவோம். 80 ஆண்டுகளில் 20 மிகைநாள்கள் வருகின்றன. ஆகவே அந்நிரல் 80 வயதை 20 நாள் முன்னதாகவே, அதாவது ஜூலை 31ஆம் நாளிலேயே கண்டுவிடும். விளைவாக ஜூலை 1 முதல் தொகை வழங்கப்படும். ஒரு மாதத் தொகையான ரூ. 6,000 மிகையாகச் சென்று, பின்னர் அம்முதியவரிடமிருந்தே பிடித்தம் செய்யும் நிலை ஏற்படும்.

இப்பிழையின் இயல்பை ஊன்றி நோக்குதல் வேண்டும். மாதத்தின் 1 முதல் 20 வரை பிறந்தோர்க்கெல்லாம் கணக்கு ஒரு மாதம் தவறும்; 21ஆம் நாளுக்குப் பின் பிறந்தோர்க்குச் சரியாகவே அமையும். 25ஆம் நாள் பிறந்தவர் ஒருவரை மட்டும் கொண்டு சோதித்தவர், நிரல் பழுதற்றது என்றே கையொப்பமிடுவார்.

நாள் குறிக்கும் முறையிலும் இத்தகைய இடர் உண்டு. 05-08-1946 என்பது நமக்கு ஆகஸ்டு 5. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கில் அது மே 8. நிரல் அவ்வழக்கைப் பின்பற்றினால் மூன்று மாதத் தொகை, அதாவது ரூ. 18,000, மிகையாகும். இரு நிலையிலும் நிரல் தடையின்றி ஓடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

ஆய்வுகள் கூறுவன

2023இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சிறு நிரலை எழுதும் பணியில் கோபைலட்டின் துணை பெற்றோர், பெறாதோரைவிட 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். மாறாக, மீட்டர் என்னும் அமைப்பு 2025இல் வெளியிட்ட ஆய்வில், தாம் நன்கறிந்த பெரிய மென்பொருள்களில் பணியாற்றிய 16 நிரலாளர்கள் இக்கருவிகளால் 19 விழுக்காடு கூடுதல் நேரமே எடுத்துக்கொண்டனர். ஆயினும் தம் பணி 20 விழுக்காடு விரைவுபட்டதாக அவர்களே நம்பியிருந்தனர்.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணாகா. ஒன்றில் பணி புதியது, சிறியது. மற்றதில் பணி பெரியது, செய்வோர் தேர்ந்தவர். பொருளியல் நோக்கில் கூறின், எழுதும் செலவு பெரிதும் குறைந்துள்ளது. சரிபார்க்கும் செலவு அவ்வளவாகக் குறையவில்லை. அருமையான வளம் இப்போது நிரலன்று. அதைத் தீர்ப்பிடும் அறிவே ஆகும். விரைவு பற்றிய நம் சொந்த உணர்வையும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தகவற் காப்பு

வினாவுடன் நாம் இடும் தகவல், பொதுவாக வெளி நிறுவனத்தின் கணிப்பொறிகளைச் சென்றடைகிறது. ஓய்வூதியர் பெயர், வங்கிக் கணக்கு எண் முதலியவற்றை அங்ஙனம் இடுதல் கூடாது. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென 2023இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. அலுவலகக் கணிப்பொறிகளில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த வேண்டாமென மத்திய நிதி அமைச்சகம் 2025 ஜனவரியில் தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே தம் துறையின் ஆணையை முதலில் அறிதல் அலுவலரின் கடமை. அனுமதி உள்ள இடத்தும் கற்பனைப் பட்டியலைக் கொண்டே நிரலை உருவாக்குதல் நன்று.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. விதியை முழுமையாக எழுதுக. "80 வயதானோர்க்கு 20 விழுக்காடு" என்பது போதாது. எந்நாள் முதல் என்பதும், நாள் குறிக்கும் முறையும் கூறப்படுதல் வேண்டும்.

2. நிரலைப் பெறுமுன்னரே பத்துப் பேருக்கேனும் விடையைக் கையாற் கணக்கிட்டு வைத்துக்கொள்க. அவர்களுள் மாதத்தின் முதல் நாள், 20, 21, இறுதி நாள் ஆகியவற்றில் பிறந்தோர் இடம்பெறட்டும்.

3. விதி தெளிவாக இல்லாத இடத்தில் முடிவைப் பொறியிடம் விடலாகாது. 1948 பிப்ரவரி 29இல் பிறந்தவர் 2033இல் 85 வயதை எட்டுகிறார். அவ்வாண்டில் பிப்ரவரி 29 இல்லை. தொகை பிப்ரவரியிலா மார்ச்சிலா தொடங்கும் என்பதை உரிய அதிகாரியே முடிவு செய்தல் வேண்டும்.

4. ஒவ்வொரு வரியின் பொருளையும் விளக்குமாறு பொறியிடம் கேட்டறிக. பின்னும் விளங்காத நிரலை நடைமுறைக்குக் கொணராதீர்.

மாணவர்க்கு இறுதியாகக் கூறப்பட்ட விதியே முதன்மையானது. முதலில் தாமே முயன்று எழுதிப் பின்னர்ப் பொறியின் விடையோடு ஒப்பிடுவோர் இருமடங்கு கற்பர். விடையை மட்டும் படியெடுப்போர்க்குப் பிழையைக் காணும் கண் அமையாது. நாளைய பணியிடங்களில் பெரிதும் வேண்டப்படுவது அக்கண்ணே.

நம் அலுவலகங்களில் ஒரு கணக்கை ஒருவர் தயாரித்தலும் மற்றொருவர் சரிபார்த்தலும் நெடுநாளைய மரபு. தயாரிக்கும் இடத்தில் இன்று ஒரு பொறி வந்து அமர்ந்துள்ளது. அதனால் சரிபார்ப்பவரின் பொறுப்பு பெருகியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தவறு நேரின் அந்த எண்பது வயது முதியவருக்கு விடை கூறவேண்டியவர் கையொப்பமிட்ட அலுவலரேயாவார்.