கைபேசித் திரை இருண்டால்



கல்லாப்பெட்டிக்கு அடுத்தபடியாக நம் கடைகளில் ஓயாமல் உழைப்பது கைபேசிதான். சரக்கு ஆர்டர், பற்று வரவு, பணம் வந்ததா என்ற விசாரணை எல்லாம் அதில்தான். மாலை வியாபார நேரத்தில் அதன் திரை இருண்டுபோனால் கை ஒடிந்த மாதிரிதான். நமது கடையிலேயே அது நேர்ந்தது. பழுது பார்க்குமிடத்தில் வாங்கிப் பார்த்தவுடனே, "டிஸ்ப்ளே போச்சு, மாத்தணும்" என்றார்கள். பணத்தை எண்ணும் நேரத்தில் பக்கத்துக் கடைத் தம்பி, பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார். திரை வந்துவிட்டது!

திரை இருண்டதும் வேறு கைபேசியிலிருந்து அழைத்துப் பாருங்கள். மணி அடித்தால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுவரில் ஒட்டிய க்யூஆர் அட்டைக்கு வரும் பணமும் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது; கைபேசி இருண்டதால் நிற்காது. ஆனால் வாடிக்கையாளர் காட்டும் திரையை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டி இருந்தால் அது சொல்லட்டும். இல்லையேல் சிம்மை வேறு கைபேசியில் போட்டு வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். சிறு தொகைக்குச் சில வங்கிகள் குறுஞ்செய்தி அனுப்புவதில்லை. அப்போது வங்கியின் மிஸ்டு கால் எண் உதவும்.

திரையில் கோடு, கறை, நிறமாற்றம் தெரிகிறதா? ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கைபேசிக்கு அனுப்புங்கள். அங்கும் கோடு தெரிந்தால் பழுது மென்பொருளில். புதுத் திரை போடுவது வீண் செலவு. அங்கே சுத்தமாக இருந்தால் கோளாறு திரையில்தான், அல்லது அதன் இணைப்பில். எல்லாமே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரவு உறக்க நேரத்துக்கான அமைப்பு தவறுதலாக இயங்கியிருக்கலாம்.

எல்சிடி வகைத் திரை இருண்டிருந்தால், இருட்டில் டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். உள்ளே மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளி மட்டும் போயிருக்கிறது.

படம் தெரிந்து விரலுக்கு மட்டும் கட்டுப்படாவிட்டால், முதலில் கையைத் துடையுங்கள். எண்ணெய் அளந்த கை, மஞ்சள்தூள் ஒட்டிய விரல், ஐஸ்பெட்டி ஈரம் எதற்கும் தொடுதிரை இணங்காது. சார்ஜரில் இருக்கும்போது தானாகவே எழுத்துகள் ஓடினால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள். உண்மையிலேயே தொடுதிரை செத்திருந்தால், ஓடிஜி இணைப்பானில் கணினி மவுஸைச் செருகுங்கள். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டே பாக்கிக் கணக்கைப் பிரதி எடுத்துவிடலாம்.

நனைந்த கைபேசியை அரிசி மூட்டையில் புதைக்கும் வழக்கம் நம்மிடையே அதிகம். அரிசிக்கா நமக்குப் பஞ்சம்! ஆனால் அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் எச்சரித்தது. அணைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள்.

திரை ஓரத்தில் தூக்கிக்கொண்டு வந்தால் பாட்டரி உப்பியிருக்கக்கூடும். அழுத்தி உட்கார்த்த முயலாதீர்கள். சார்ஜ் போடவும் கூடாது, தீப்பிடிக்கும். உடனே அணைத்துப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கொடுக்குமுன் சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் பின் எண்ணை அங்கே யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம்.